இறால் ஓட்டு வாடை

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். குழித்துறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வீட்டுக்குப் போட்ட தபால் கார்டுகள்தாம். இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் தடவை.

போன மாதம் லேபில் நீங்கள் எனக்குப் பிரிவு உபசாரம் வைத்தீர்கள். "ஞானமுத்து அண்ணன் ரெண்டு வார்த்தை பேசணும்" என்று சொல்லி என்னை எழுப்பி நிறுத்தினீர்கள். நான் எழுந்து நின்றேன். மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அதற்கும் கைதட்டினீர்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேச வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். உங்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வேலையை எப்படிச் செய்வது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அது புத்தகத்தில் இருக்கிறது. திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு ஓட்டலில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவன் நான். அங்கே டீ குடிக்க வந்த ஒருவர் தயவில் இங்கே வந்து பீக்கர் கழுவினேன். என் வேலை பூராவும் கழுவுவதுதான். அதனால் நான் சொல்லப்போவதும் கழுவுவதைப் பற்றித்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் லேபில் இறால் ஓட்டிலிருந்து மருந்து உருண்டை செய்யும் வேலை ஆரம்பித்தது. ஓட்டை அமிலத்தில் ஊறப்போட்டு, காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, கழுவிக் காயவைத்தால் ஒரு மாவு கிடைக்கும். அந்த மாவை வினிகர் போன்ற ஒன்றில் கரைத்து, மருந்தைக் கலந்து, ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டால் சின்னச் சின்ன நுங்கு போல உருண்டைகள் வரும். நீங்கள் ஜெல் என்கிறீர்கள். அதற்குள் நீளநீளமான நூல்கள் வலை மாதிரி பின்னிக்கொண்டு கிடக்கும் என்றும், மருந்து அந்த வலைக்குள் உட்கார்ந்திருந்து மெதுவாக வெளியே வரும் என்றும் எனக்குச் சொல்லித் தந்தார்கள். நாங்கள் வைத்தது வலிப்பு நோய்க்கான மருந்து. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால் அது வலிப்பு வராமல் காக்கும். மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கினால் ஆள் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டான். அதனால் உருண்டை உடையாமல் நிற்கிறதா என்பதுதான் எல்லாம்.

இந்த வேலையைச் செய்தவர் விசாலம் மேடம். கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் ராமனுக்கு வடக்கே வங்கியில் வேலை. மேடம் மாமனார் மாமியாரோடு இருந்தார். வெங்காயம்கூட விசேஷ நாளில் சேர்க்காத வீடு. அந்த வீட்டு மருமகள் காலையில் கிளம்பி வந்து இறால் ஓட்டில் கை வைக்கிறார் என்பது கணவருக்கு மட்டும் தெரியும். வீட்டில் மற்றவர்களிடம் கடல்பாசி என்று சொல்லியிருந்தார்.

"தெரிஞ்சா அன்னிக்கோட வேலை முடிஞ்சது, ஞானமுத்து" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். "ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு ஆத்துல உக்காருன்னுடுவா. இவரும் அங்கேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாது."

விளையாட்டாகச் சொன்னது போலத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலம் ஆனதும் அவர் கை கழுவுவதைப் பார்த்தால் விளையாட்டு இல்லை என்று தெரியும். முழங்கைக்கு மேல் வரை சோப்புப் போட்டுத் தேய்ப்பார். எலுமிச்சம்பழத் தோலைத் தேய்ப்பார். அலமாரியில் வைத்திருக்கும் வேறு புடவைக்கு மாறுவார். பிறகு என்னிடம் கையை நீட்டி, "வாடை வர்றதா?" என்று கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டவன் நான். "இல்ல மேடம்" என்பேன்.

ஓடு கொண்டுவருகிறவள் மேரி. வலியதுறைப் பக்கம் கடற்கரைக்காரி. பின்வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வம்பு இழுப்பாள்.

"அம்மே, எதுக்கு மூக்கப் பொத்துது? செத்த செம்மீன் கடிக்காது கேட்டோ."

"நாளைக்கு உன்னை எங்க தெருவுல கொண்டு விடறேன், அப்போ தெரியும் யார் யாரைக் கடிப்பான்னு" என்பார் மேடம். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

மேடம் வந்த பிறகு மாவு வெள்ளையாகத் தொடங்கியது. அதற்கு முன்னால் செய்த மாவு பழுப்பாக இருக்கும். பாட்டிலைத் திறந்தால் கடற்கரை வாடை லேசாக அடிக்கும். மேடம் காஸ்டிக்கில் ஒரு தடவை வேகவைத்த பிறகு இன்னொரு தடவை வேகவைப்பார். பிறகு பிளீச்சிங் போடுவார். திரும்பவும் கழுவச் சொல்லி என்னிடம் தருவார். முகர்ந்து பார்ப்பார். இன்னும் ஒரு தடவை என்பார். கடைசியில் இடியாப்ப மாவு தோற்கும். வெளியூரிலிருந்து யார் வந்தாலும், அப்போது லேபுக்குத் தலைவராக இருந்த பெரிய சார் அந்தப் பாட்டிலைத்தான் எடுத்துக் காட்டுவார். கழுவினவன் நான் என்பதால் எனக்கும் பெருமையாக இருந்தது. வெள்ளையாக இருப்பது நல்லது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

முயல்களுக்கு வைத்துப் பார்க்கும் நாள் வந்தது. தோலுக்கு அடியில் உருண்டையை வைப்பதற்கு வெளியிலிருந்து ஒரு மிருக டாக்டர் வர ஏற்பாடு. அதற்கு முந்தின நாள் காலையில், வழக்கம்போல உருண்டைகளை உடம்புச் சூட்டில் உப்புத் தண்ணீரில் போட்டோம். ஒரு நாள் முழுவதும் அவை நிற்க வேண்டும். மத்தியானத்துக்கு முன்பே உருண்டை ஒன்றுகூட இல்லை. பீக்கரின் அடியில் கஞ்சி மாதிரி ஏதோ கிடந்தது. மருந்து மொத்தமும் தண்ணீரில்.

பெரிய சார் வந்து பார்த்தார். அவர் பெயரை நான் எழுதவில்லை. உங்களில் பலருக்குத் தெரியும். அவர் மலையாளத்தில்தான் பேசுவார். எனக்கு மலையாளம் எழுத வராது என்பதால் தமிழில் எழுதுகிறேன். பீக்கரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"இது ஓட்டுடைய குற்றம். அழுகின ஓடு கலந்து தருகிறாள் அவள். ஞானமுத்தே, மேரி வந்தால் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிடு. நான் வேறே ஆளைப் பார்க்கிறேன்."

மேரி அப்போதே வந்துவிட்டாள். பின்வாசலில் மழைக்கு ஒதுங்கிக் கூடையோடு நின்றது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. போய்ச் சொல்ல வேண்டும் என்று கால் எடுத்து வைத்தேன். எனக்கு யாரிடமும் எதையும் சொல்ல வராது. இதை எப்படிச் சொல்வேன்?

அப்போது மேடம், "போகாதேங்கோ, ஞானமுத்து" என்றார்.

மேஜைமேல் அவர் பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலமே அப்படி வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருந்தேன். வெள்ளையை ரசிக்கிறார் என்று நினைத்தேன். இந்தக் கோடியில் பழுப்பு, அந்தக் கோடியில் வெள்ளை. ஒவ்வொரு பாட்டிலுக்கும் முன்னால், அதன் மாவில் செய்த உருண்டைகளைக் காலையிலேயே போட்டு வைத்த ஒரு சின்ன பீக்கர். பழுப்பு மாவு உருண்டைகள் அப்படியே முழுசாக நின்றன. நடுவில் இருந்தவை ஓரம் கரைந்திருந்தன. வெள்ளைக்கு முன்னால் இருந்த பீக்கரில் கஞ்சி.

"சார், மேரி பேரில் தப்பில்லை" என்றார் மேடம். "ஓடு எல்லாம் ஒரே ஓடுதான். நான்தான் அளவுக்கு மீறிக் கழுவிவிட்டேன். காஸ்டிக்கிலும் பிளீச்சிங்கிலும் கிடந்து கிடந்து நூல் துண்டு துண்டாகிவிட்டது. வலை நிற்கவில்லை."

சார் ஒவ்வொரு பீக்கராகக் குனிந்து பார்த்தார். வேதியியல் புரிய அவருக்கு நேரம் ஆகவில்லை. புரியாதது வேறு.

"ஒரு தடவை போதும் என்று உனக்குத் தெரியுமே. எதற்காக இத்தனை தடவை?"

இந்த இடத்தை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். சாரும் மேடத்தின் மாமனாரும் தினமும் காலையில் கோட்டைக்குள் ஒன்றாக நடக்கிறவர்கள். சாரிடம் சொல்வது பாதி வீட்டில் சொல்வது மாதிரி. ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். சுத்தம் வேண்டும் என்று நினைத்தேன் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்கப்போவதில்லை.

"வாடை போகணும் என்று" என்றார் மேடம். "வீட்டில் தெரியக்கூடாது சார். கடல்பாசி என்று சொல்லியிருக்கிறேன்."

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று நான் பயந்தேன். அவர் சொன்னது, "நாளைக்கு அந்த முயல்கள் செத்திருக்கும்" என்பதுதான். பிறகு, "செத்திருந்தால் நான் மேரியைத்தான் இன்னும் கொஞ்சம் திட்டியிருப்பேன்" என்றார். டாக்டருக்கு போன் செய்து, நாளை வரவேண்டாம், பிறகு சொல்கிறேன் என்றார். அதைச் செய்துவிட்டுப் பின்வாசலுக்கு அவரே போனார். மேரியிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. கூடையை அவரே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வேட்டியெல்லாம் நனைந்துவிட்டது. மேரி, "சாருக்கு என்னாச்சு?" என்று என்னிடம் கண்ணைக் காட்டிக் கேட்டாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நல்ல சமயம் பார்த்து வீட்டில் தானே சொல்லிவிடுவதாக மேடம் சொன்னார். அதற்கு அவசியம் வரவில்லை.

மத்தியானம் மழை வலுத்தது. முன்வாசலில் தண்ணீர் கட்டிக்கொண்டது. நான் பின்பக்கம் ஷெட்டில் மேரி கொண்டுவந்த ஓட்டைத் தொட்டியில் கொட்டி அலசிக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு குடையை விரித்துப் பிடித்து, இன்னொரு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நெற்றியில் சந்தனம். முன்னால் ஒரு தடவை ஆபீஸ் விழாவில் பார்த்திருக்கிறேன். மேடத்தின் மாமனார்.

"நீர் ஞானமுத்துதானே? விசாலம் சொல்லியிருக்கா. அவ குடையை மறந்துட்டு வந்துட்டா. இந்த மழையில எப்படித் திரும்பி வருவா?"

"உள்ள இருக்காவ சாரே, இப்ப விளிக்கேன்" என்றேன்.

அவர் நகரவில்லை. தொட்டியைப் பார்த்தார். மீசை, கால் எல்லாம் மிதந்தது. அது என்னவென்று கேட்கவே வேண்டாம். அப்படியும் கேட்டார்.

"இது என்னவாக்கும்?"

என் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது. வேறு பிரிவுக்காரர்களுடையது என்று சொல்லிவிடலாம் என்று முதலில் தோன்றியது. அது வெறும் பொய். நாளையோ மறுநாளோ உடைந்துவிடும். உடைந்தால் மேடம் தன் வாயால் சொல்ல வேண்டியதற்கும் மதிப்பில்லாமல் போகும். நானே உள்ளதைச் சொல்லிவிடலாமா? அது என் சமாசாரம் இல்லை. அவர் வீட்டில் அவர் பேச வேண்டியதை ஷெட்டில் நின்று நான் பேசுவது எப்படிச் சரியாகும்? இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்தில் நினைத்தேன் என்று இப்போது எழுதுகிறேன். அன்று நினைத்தேனா, வாய் தானாகப் பேசியதா தெரியாது.

"மேடத்துக்க ஜோலியாக்கும் சாரே. அவியளே சொல்லுவாவ. நான் சொன்னா தப்பாப் போவும்."

"ம்" என்றார்.

உள்ளே ஓடினேன். மேடத்திடம், "மாமனார் வந்திருக்காவ. தொட்டியப் பாத்தாச்சு. நான் ஒண்ணும் சொல்லல" என்றேன். மேடம் கையுறையைக் கழற்றப் போனார். பாதியில் நிறுத்திவிட்டு அதோடேயே வெளியே வந்தார்.

"அப்பா, இது செம்மீன் ஓடு" என்றார். "கடல்பாசி இல்லை. நான் பொய் சொன்னேன். இதுலேர்ந்துதான் மருந்து பண்றது."

"எத்தனை நாளா?"

"வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து."

"ராமனுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்போ எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியாது" என்றார். மழைச் சத்தத்தில் அவர் மெதுவாகச் சொன்னதும் நன்றாகக் கேட்டது. "தெருவெல்லாம் சொல்லிண்டு நடக்கறேன் நான், என் மாட்டுப்பொண்ணு மருந்து கண்டுபிடிக்கறான்னு."

குடையை என் கையில் கொடுத்துவிட்டு வந்த வழியே போய்விட்டார். உள்ளே வரச் சொல்லி மேடம் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

மறுநாள் மேடம் வேலைக்கு வரவில்லை. லீவு சொல்லி ஆளும் அனுப்பவில்லை. சார் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று காலை நடக்கும்போது பெரியவர் வந்தாரா என்று நான் கேட்டேன். அவ்வளவு தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"வந்தார். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால் நடந்தேன்" என்றார் சார்.

நான் செய்தது சரிதானா என்று அன்று முழுவதும் மனசு அடித்துக்கொண்டது. ஒரு பொய் சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரைக்காவது தள்ளிப்போட்டிருக்கலாம். மேடத்தின் மாற்றுப் புடவை அலமாரியில் தொங்கியது. அதை யார் வந்து எடுத்துப் போவார்கள் என்றுகூட யோசித்துவிட்டேன். கழுவ வேண்டிய பீக்கர் எல்லாம் கழுவி, கழுவினதையும் கழுவினேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் மேடம் வந்தார். முகம் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். அவரே சொன்னார்.

"ஒரு நாள் முழுக்க ரெண்டு பேரும் எங்கிட்டப் பேசலை. மாமியார் இலையைப் போட்டுட்டுத் தள்ளி நின்னுண்டா. நான் ராஜினாமாவை மனசுக்குள்ள எழுதியே முடிச்சுட்டேன். ராத்திரி சாப்பாடு ஆனப்புறம் அப்பா கூப்பிட்டார். 'வாசல் வழியா வராதே. கொல்லைப் பக்கமா வா. கிணத்தடியில தலைக்குக் குளிச்சுட்டு உள்ள நுழை. வேலைக்குப் போறதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை'ன்னார்."

"அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான். மாமியார் மட்டும், மழைக்காலத்துல தினம் சாயங்காலம் பச்சைத் தண்ணியைத் தலையில ஊத்திண்டா ஜன்னி வந்து படுத்துடுவா, அப்புறம் யார் பாக்கறதுன்னு கத்தினா. அப்பா எழுந்து போய் கொல்லையில மூணு கல்லை வெச்சு அண்டா வெக்க இடம் பண்ணினார். இன்னிக்கு விறகும் இறக்கச் சொல்லியிருக்கார். வெந்நீர் அவரே போட்டுவைக்கறாராம்."

"நல்லதாப் போச்சு" என்றேன். பின்வாசலுக்குப் போய் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். மேரி வந்து, "சேட்டா, கரயுந்நோ?" என்று நான் அழுகிறேனா எனக் கேட்டாள். மழைத் தண்ணி என்றேன். அன்று மழை இல்லை.

அதற்குப் பிறகு மேடம் மாவை ஒரு தடவைதான் வேகவைத்தார். பிளீச்சிங் பாட்டிலை என்னிடம் கொடுத்து, கக்கூஸ் கழுவ வைத்துக்கொள்ளச் சொன்னார். மாவு பழுப்பாக வந்தது. திறந்தால் கடற்கரை வாடை. காலையில் போட்ட உருண்டைகள் மறுநாள் காலை வரை தண்ணீரில் முழுசாகக் கிடந்தன. டாக்டர் வந்து முயல்களுக்கு வைத்தார். நான் கூண்டுப் பக்கத்திலேயே இருந்தேன். கொஞ்ச நேரம் சுருண்டு படுத்துக்கொண்டு கிடந்தன. பிறகு ஒன்று எழுந்து கீரையைக் கடித்தது. அதைப் பார்த்து மற்றதும் கடித்தது. பெரிய சார் கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விருந்தாளிகளுக்குக் காட்ட வைத்திருந்த வெள்ளைப் பாட்டிலை அன்றைக்கே எடுத்துவிட்டார்.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். உருண்டை கரையும், படலம் கிழியும், செய்தது எதுவும் நிற்காது. அப்போது முதலில் கண்ணில் படுகிறவர் வாசலுக்கு வெளியே கூடையோடு நிற்கிறவராகத்தான் இருப்பார். அவரை விரட்டுவதற்கு முன்னால் உங்கள் பாட்டில்களை எடுத்து வரிசையாக வைத்துப் பாருங்கள். கெட்டது தெரிந்துவிட்டால் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், அது வீட்டுக் காரணமாக இருந்தாலும். மேடம் அன்று சுத்தத்துக்காகக் கழுவினேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் சார் நம்பியிருப்பார். மேடம் மறுபடியும் வாடைக்குப் பயந்து கழுவியிருப்பார். முயல்கள் போயிருக்கும். முயலுக்குப் பிறகு மனிதர்கள் இருக்கிறார்கள்.

இன்னொருவர் சொல்ல வேண்டிய உண்மை உங்கள் கையில் வந்து விழுந்தால் என்ன செய்வது என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. அவரைக் கூப்பிட்டுவிடுங்கள். நான் அதுதான் செய்தேன். நல்லபடியாக முடிந்தது. முடியாமலும் போயிருக்கலாம். அந்த ஒரு நாளை நினைத்தால் இப்போதும் என் கை நனைந்தது போல இருக்கும்.

மேடம் இப்போது வடக்கே கணவரோடு இருக்கிறார், அங்கேயும் இதே வேலைதான். அங்கே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறாரா என்று போன கடிதத்தில் என் மகளைவிட்டு எழுதிக் கேட்டிருந்தேன். பதில் வந்தது. பெரியவர் மகனோடு தங்க அங்கே போயிருக்கிறாராம். குளியலறையில் வெந்நீர்க் குழாய் இருப்பதை நம்பாமல், மருமகள் வரும் நேரத்துக்குத் தண்ணீர் சுடுகிறதா என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாராம்.

இதை எழுதி முடிக்க எனக்குப் பல சாயங்காலங்கள் ஆகின. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

ஞானமுத்து,
திருவனந்தபுரம்,
விஷுவுக்கு மறுநாள், 1989.